ஒரு பள்ளத்தாக்கின் 1,200 கோடி எழுத்துகள்

எண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் தேடினார்கள். ஓரிடத்தில்கூட வேறுபாடு கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ராட் பீக்காலும் அவருடன் உழைத்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான். சிட்னிக்கு வடமேற்கே, புளூ மவுண்டன்ஸ் பகுதியின் ஆழமான மணற்பாறைப் பிளவுகளுக்குள் மட்டும் வளரும் வொல்லமை பைன் மரங்களை அவர்கள் மூன்று வழிகளில் ஒப்பிட்டார்கள். நொதிகளில் 13 இடங்கள், டி.என்.ஏ.வில் சிறு தொடர்கள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் 20 இடங்கள், அதுபோக டி.என்.ஏ. முழுக்கச் சிதறிக் கிடக்கும் அடையாளப் புள்ளிகள் 800க்கு மேல். ஒரு வழக்கில் குற்றவாளி அண்ணனா தம்பியா என்று கண்டுபிடிக்கத் தடய அறிவியல் கூடங்கள் இவ்வளவு இடங்களைப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய இருபது இடங்களே அங்கே போதும். இந்த மரங்களோ, எந்த மரத்தின் இலையைக் கொடுத்தாலும் ஒரே விடையையே சொல்லின.

ஒரே மரத்தின் அடியிலிருந்து வெடித்துக் கிளம்பிய கன்றுகளாக இருந்தால் இது ஆச்சரியம் இல்லை. வொல்லமை பைனுக்கு அந்தப் பழக்கமும் உண்டு. அடிமரத்திலிருந்து புதுத் தண்டுகளை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தூரில் பல தண்டுகள் நிற்பதால், காட்டில் எத்தனை மரங்கள் உள்ளன என்று எண்ணுவதே சிக்கல். ஆனால் விதையும் விழுகிறது, விதையிலிருந்து நாற்றும் முளைக்கிறது. ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள தனித்தனித் தோப்புகளிலும் மரங்கள் இருக்கின்றன. அப்படியும் வேறுபாடு இல்லை என்றால், எல்லாம் ஒன்றாக இருக்கும் மரங்களில் எதைக் காப்பாற்றினால் என்ன, எதைவிட்டால் என்ன? காடு காக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. நாற்றங்காலில் எந்த மரத்தின் குச்சியை நடுவது, எந்த மரத்தின் விதைக்காக ஆளை அனுப்புவது என்பதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சரியான பதில் கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அதற்காக மரத்தின் டி.என்.ஏ.வை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வேண்டியிருந்தது.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம்.

1994 செப்டம்பரில், நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறையில் களப்பணியாளராக இருந்த டேவிட் நோபிள், இரண்டு நண்பர்களுடன் வொல்லமை தேசியப் பூங்காவின் பிளவு ஒன்றில் கயிறு கட்டி இறங்கினார். கீழே அவர் அதுவரை பார்த்திராத மரங்கள் நின்றன. பட்டை முழுக்கப் பழுப்பு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக. இலைகள் பெரணியைப் போல வரிசை கட்டி. ஒரு சிறு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். துறையின் இயற்கையியலாளர் வின் ஜோன்ஸ், தாவரவியலாளர் ஜேன் ஆலன், சிட்னி தாவரவியல் பூங்காவின் கென் ஹில் ஆகியோர் அதை ஆராய்ந்து, ஒரு புதிய பேரினம் என்று 1995இல் முறைப்படி அறிவித்தார்கள். வொல்லமியா நோபிலிஸ் என்ற பெயரில் இடத்துக்கும் பங்கு உண்டு, கண்டவருக்கும் பங்கு உண்டு. சிட்னி போன்ற பெருநகரத்திலிருந்து காரில் சில மணி நேரத் தொலைவில், 40 மீட்டர் வரை உயரக்கூடிய ஒரு மரம் அதுவரை அறிவியலின் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

பைன் என்று அழைத்தாலும் அது பைன் குடும்பம் அல்ல, அரௌகேரியா குடும்பம். நம் ஊர் நாற்றங்கால்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறார்களே, அடுக்கடுக்காகக் கிளைவிடும் நார்ஃபோக் தீவு மரம், அது இதன் உறவு. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் அரௌகேரியாக்களை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். இன்னும் பழைய உறவும் உண்டு. இன்று கார் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பாறை அடுக்குகளில், கிரிட்டேசியஸ் காலத்து ஊசியிலை மரங்களின் இலைத் தடங்களும், அரௌகேரியா வகையினவாகக் கருதப்படும் கூம்புச் செதில்களும் புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற பெருநிலத்தின் பாகங்களாக இருந்த நாட்களின் மிச்சம் அது. அந்தக் குடும்பத்தின் காட்டு மரங்கள் பிற்பாடு இந்தியத் தீபகற்பத்திலிருந்து மறைந்தே போயின. பெரும்பாலும் தென்கோளத்தின் சில மூலைகளில் நீடித்தன.

வொல்லமை பைனின் மகரந்தத்தை ஒத்த தூள் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளிலேயே தென்படுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அண்டார்க்டிகா ஆகிய மூன்றிலும் அது கிடைக்கிறது. பிறகு குறைந்துகொண்டே வந்து, சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு படிவுகளில் காணாமல் போகிறது. புதைபடிவ ஆய்வாளர்கள் அதை அழிந்த மரங்களின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே உயிரோடு ஒன்று கிடைத்ததும் செய்தித்தாள்கள் டைனோசர் மரம் என்றன. உயிருள்ள புதைபடிவம் என்றன. இந்த இரண்டாவது சொற்றொடர் எனக்கு உவப்பானது அல்ல. இலையும் கூம்பும் பழைய வடிவத்தில் இருப்பதைப் பார்த்து, உள்ளேயும் எதுவும் நகரவில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே என்ன நடந்தது என்று எழுத்துகளைப் படித்தவர்கள் சொல்வது வேறு கதை.

படிப்பது என்றால் என்ன? டி.என்.ஏ. நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீளமான இழை. மனிதனுக்கு ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள். தாவரங்களில் முதன்முதலாக, 2000ஆம் ஆண்டு, முழுமையாகப் படிக்கப்பட்ட அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகுக் குடும்பத்துச் செடிக்குச் சுமார் 13 கோடி எழுத்துகள்தான். அதை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததற்கு அந்தச் சிறுமையும் ஒரு காரணம். ஊசியிலை மரங்களின் பக்கம் போகவே பலர் தயங்கினார்கள். 2013இல் ஸ்வீடன் குழு நார்வே ஸ்புரூஸ் மரத்தைப் படித்தபோது 2,000 கோடி எழுத்துகள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் லாப்லாலி பைன், 2,200 கோடி. 2016இல் சுகர் பைன், 3,100 கோடி, அதாவது மனிதனைப் போலப் பத்து மடங்கு. இவ்வளவு எழுத்துகள் இருந்தும் ஸ்புரூஸில் மரபணுக்களின் எண்ணிக்கை 28,000 சொச்சம்தான். அந்தக் கடுகுச் செடிக்கும் ஏறக்குறைய அதே அளவு.

மீதி என்ன? பெரும்பாலும் தாவும் மரபணுக்களும் அவற்றின் சிதைந்த பிரதிகளும். டிரான்ஸ்போசான் எனப்படும் இந்தத் துண்டுகள் உயிரியின் நன்மைக்காக இருப்பவை என்று சொல்ல முடியாது. தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு டி.என்.ஏ.வுக்குள் இடம் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. சில தம்மை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். ரெட்ரோடிரான்ஸ்போசான் எனப்படும் இன்னொரு வகை, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தன் பிரதியை மட்டும் வேறிடத்துக்கு அனுப்பும். ஆகவே ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கூடும். பூக்கும் தாவரங்களும் இந்தச் சுமையை ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் காலப்போக்கில் கழித்தும் விடுகின்றன. ஊசியிலை மரங்கள் கழிப்பதில் மந்தம். கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததை அப்படியே வைத்துக்கொண்டிருக்கின்றன.

படிப்பவருக்கு வரும் தலைவலி இங்கேதான். கருவிகள் இழையை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளை வாசித்து, ஒன்றின் முனையும் மற்றதன் முனையும் எங்கே பொருந்துகிறது என்று கணினியில் ஒட்ட வேண்டும். ஒரு நீளமான சதகம் எழுதிய ஓலைச்சுவடி பொடிப்பொடியாக முறிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியும் ஒரே அடி. முறிந்த ஓலைத் துண்டில் அந்த ஈற்றடி மட்டும் இருந்தால், அது நூறு பாட்டில் எந்தப் பாட்டின் ஓலை என்று யாராலும் சொல்ல முடியாது. ஈற்றடியோடு அதற்கு முந்தைய அடியும் பிந்தைய பாட்டின் தொடக்கமும் சேர்ந்த நீளத் துண்டாக இருந்தால் சொல்லிவிடலாம். முதல் ஊசியிலை மரங்களைப் படித்த காலத்துக் கருவிகள் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளையே வாசித்தன. ஒரு டிரான்ஸ்போசான் பல ஆயிரம் எழுத்து நீளம். ஆகவே அந்த ஆரம்பப் பிரதிகள் லட்சக்கணக்கான இடங்களில் அறுந்தே இருந்தன. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே ஓட்டத்தில் வாசிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் ஈற்றடியைத் தாண்டிப் பார்க்க முடிந்தது.

லாப்லாலி பைனைப் படித்தவர்கள் இன்னொரு சிக்கலையும் சாமர்த்தியமாகத் தாண்டினார்கள். எந்த மரத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் கலந்திருக்கும். இரண்டும் சற்றே வேறுபடுவதால் ஒட்டுகிற கணினி தடுமாறும். ஆனால் ஊசியிலை மரத்தின் விதைக்குள், கருவுக்கு உணவாக இருக்கும் வெள்ளைப் பருப்பில் தாய்வழிப் பிரதி மட்டுமே உண்டு. ஒரே ஒரு விதையின் அந்தப் பருப்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்து வேலையை எளிதாக்கிக்கொண்டார்கள். வொல்லமை பைனைப் படித்தவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம்கூடத் தேவைப்படாத நிலை. தாயும் தந்தையும் கொடுத்த பிரதிகள் அனேகமாக ஒன்றேதான்.

2023இல் அந்தக் குழு தன் முடிவுகளின் முன்பதிப்பை வெளியிட்டது. நியூயார்க் தாவரவியல் பூங்காவின் டென்னிஸ் ஸ்டீவன்சன், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குளோரியா கொருசி, கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ராப் மார்ட்டியன்சன், ரிச்சர்ட் மெக்காம்பி உள்ளிட்டோர் சேர்ந்து செய்த வேலை. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை. 1940களில் பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோள மணிகளின் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, மரபணுத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று கண்டது அதே ஆய்வகத்தில்தான். அன்று நம்பியவர்கள் மிகக் குறைவு. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அவர் கண்ட அதே தாவும் துண்டுகள்தான் வொல்லமை பைனின் கதையிலும் நடுநாயகம்.

மொத்தம் சுமார் 1,200 கோடி எழுத்துகள். இவ்வளவு பெரிய தாவர மரபுத்தொகுதிகளில், அதாவது முழு டி.என்.ஏ. எழுத்துத் தொகுப்புகளில், அறுபடாமல் மிக நீளமாக ஒட்டப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே வெட்டி ஒட்டும் வகை டிரான்ஸ்போசான்கள் வழக்கத்துக்கு மீறிய அளவில் இருந்தன. அவற்றில் சில ஜுராசிக் காலத்தில் கணுக்காலிகளிடமிருந்து, அதாவது பூச்சிகளும் சிலந்திகளும் அடங்கிய கூட்டத்திடமிருந்து, ஊசியிலை மரங்களுக்குள் தாவி வந்தவை. தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழியில் வராமல், இனம்விட்டு இனம் கடந்து குறுக்கே வந்த டி.என்.ஏ. மரத்தின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று இன்றுவரை அது கூடவே வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு, உயிருள்ள புதைபடிவம் என்ற பேச்சுக்கு நேர்மாறாக நிற்கிறது. 80 லட்சத்திலிருந்து 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் திடீரெனப் பெருகி டி.என்.ஏ. முழுக்கப் பரவியிருக்கின்றன. பிரதிகளுக்கிடையே சேர்ந்துள்ள எழுத்துப்பிழைகளை எண்ணி அந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள்: பிரதி எடுத்த அன்று இரண்டும் ஒன்று, காலம் ஆக ஆகப் பிழைகள் கூடும். ஏறக்குறைய அதே காலத்தில்தான் மரத்தின் எண்ணிக்கை சரியத் தொடங்கியிருக்கிறது. கண்டம் வறண்டு மழைக்காடுகள் சுருங்கிய யுகம் அது. வெளியே இலையும் கூம்பும் மாறவில்லை. உள்ளே வீடே தலைகீழாகிக்கொண்டிருந்தது. தாவும் துண்டுகள் மரபணுக்களின் அருகே போய் விழும்போது, அவற்றை அடக்க வரும் வேதிக் குறிகள் அந்த மரபணுக்களின் மேலும் படியும். அதனால் எழுத்து ஒன்றாகவே இருந்தும் வாசிப்பு மரத்துக்கு மரம் மாறலாம். வேறுபாடு அற்றுப்போன மரத்துக்கு இது ஒரு மாற்று வழியாக உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் அழகானது. எனினும் மரங்களின் எண்ணிக்கை சரிந்த காலத்தில் தாவும் துண்டுகள் பெருகுவதற்கு அதைவிட எளிய விளக்கம் உண்டு. கூட்டம் சிறுத்தால் இயற்கைத் தேர்வின் பிடி தளரும். தீங்கானதை வடிகட்டும் ஆற்றல் குறையும். எது காரணம், எது விளைவு என்று சொல்ல இந்த ஒரு மரம் போதாது.

அடுத்து, அந்தப் பழைய கேள்வி. எல்லா மரமும் ஒன்றுதானா? ஒரு மரத்தை முழுதாகப் படித்த பிறகு மற்ற மரங்களைப் படிப்பது மலிவு. வழிகாட்ட ஒரு மூலப்பிரதி இருப்பதால், துண்டுகளை அதன்மீது பொருத்திப் பார்த்தால் போதும். சில மரங்களை முழுமையாகவும், வேறு சிலவற்றை டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் சுருக்கமாகவும் படித்தார்கள். வேறுபாடு மிகக் குறைவு என்பது உறுதியானது. ஆனால் மிகக் குறைவு என்பதும் இல்லவே இல்லை என்பதும் வேறு வேறு. 800 புள்ளிகளில் தேடியபோது அகப்படாத வேறுபாடு, கோடிக்கணக்கான எழுத்துகளில் தேடியபோது ஆங்காங்கே அகப்பட்டது. 2003இன் ஆய்வில் பிழை ஏதும் இல்லை. அன்றைய வலைக்கண்கள் அவ்வளவு பெரியவை, அவ்வளவுதான். இந்த வேறுபாடுகளின் அமைப்பை வைத்துக் கணக்கிட்டு, சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரேலியா கடுமையாக வறண்ட கட்டத்திலிருந்தே வொல்லமை பைன் எஞ்சிய சிறு கூட்டமாக வாழ்ந்து வருகிறது என்கிறார்கள். மனிதர் வந்து கெடுத்ததால் வந்த நிலை இல்லை இது. மனிதர் ஆஸ்திரேலியாவுக்குள் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மரம் ஒடுங்கிவிட்டது.

ஆனால் இன்று அதன் தலைமேல் தொங்கும் இரண்டு ஆபத்துகளிலும் மனிதரின் கை உண்டு.

முதல் ஆபத்து மண்ணோடு வந்தது. மரங்கள் நிற்கும் இடத்தை அரசு ரகசியமாக வைத்திருக்கிறது. அனுமதியுடன் போகிறவர்கள்கூடக் காலணிகளையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்படியிருந்தும் 2005இல் ஒரு தோப்பின் மண்ணில் பைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. யாரோ திருட்டுத்தனமாகப் போனவரின் காலணி மண்ணில் வந்திருக்கலாம் என்பதே பரவலான சந்தேகம். தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களுக்கும் மிளகு பயிரிடுபவர்களுக்கும் பைட்டோஃப்தோராவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் பசுமையாக நின்ற கொடி சில நாட்களில் துவண்டு தொங்குவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குக் காரணமானதும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் இது பூஞ்சை அல்ல. ஈரமண்ணில் நீந்திப் போகும் வித்துகளை விடும் நீர்ப்பூசண வகை. சின்னமோமி என்ற இனம் வேரைத் தின்று மரத்தைத் தாகத்தில் சாகடிக்கும்.

எழுத்துகளைப் படித்ததில் இங்கே ஒரு துப்பு கிடைத்தது. தாவரங்களுக்கு நோயை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கிளப்பும் மரபணுக்கள் ஏராளமாக உண்டு. வொல்லமை பைனிலும் இருக்கின்றன. ஆனால் அதன் இலைகளில், சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் இந்த எதிர்ப்பு மரபணுக்களில் ஒரு தொகுப்பைக் குறிவைத்து அடக்குகின்றன. லாப்லாலி பைனிலும் இதை ஒத்த மரபணுக்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். மரம் ஏன் தன் காவல்காரர்களையே கட்டிப்போட வேண்டும்? எதிர்ப்பு மரபணுக்களை எப்போதும் விழிப்பில் வைத்திருப்பது செலவு மிக்கது. தவறாகக் கிளம்பினால் தன் திசுவையே கொல்லும். ஆகவே ஆபத்து இல்லாதபோது அவற்றைத் தணித்து வைப்பது தாவரங்களில் சாதாரணம். பல கோடி ஆண்டுகளாகப் பழகிய பகைவர்களுக்கு அந்த அளவு போதுமாக இருந்திருக்கும். ஆனால் பைட்டோஃப்தோரா சின்னமோமி ஆஸ்திரேலிய மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தது. இந்த மரத்துக்கு அதோடு பழக்கமே இல்லை.

சுகர் பைனோடு ஒப்பிட்டால் வொல்லமையின் தரித்திரம் புரியும். வட அமெரிக்காவின் மேற்கில் வளரும் சுகர் பைனை, வெளியிலிருந்து வந்த ஒரு துருநோய் நூறாண்டாக அழித்துவருகிறது. அங்கே அபூர்வமாகச் சில மரங்களில் சி.ஆர்.1 என்ற ஒரு மரபணு வடிவம் நோயைத் தடுக்கிறது. அந்த மரங்களைக் கண்டுபிடிக்க, உச்சியில் ஏறிக் கூம்பு பறித்து, விதை முளைக்க வைத்து, நாற்றுக்கு நோயேற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மரபுத்தொகுதியைப் படித்த பிறகு சி.ஆர்.1க்கு அருகில் உள்ள டி.என்.ஏ. அடையாளங்கள் கிடைத்தன. இனி ஓர் இலையைச் சோதித்தே, நோய் தாங்கும் தாய்மரத்தைத் தேடலாம். சுகர் பைனில் தேடுவதற்கு வேறுபாடு இருக்கிறது. லட்சக்கணக்கான மரங்களில் ஒன்றிரண்டிலாவது நல்ல வடிவம் ஒளிந்திருக்கும். வொல்லமை பைனில் காட்டிலுள்ள வளர்ந்த மரங்களே அறுபதுக்கும் குறைவு. அவற்றுக்குள் தேட இருப்பது மிகச் சொற்பம். இருப்பதையும் தவறவிட்டால் வேறு எங்கும் போய்க் கொண்டுவர முடியாது.

இரண்டாவது ஆபத்து நெருப்பு. 2019 அக்டோபரில் மூண்ட காஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. வொல்லமை பூங்காவின் பெரும்பகுதி அதில் அடங்கும். மரங்கள் நிற்கும் பிளவை நோக்கித் தீ வந்தபோது, தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். அவர்கள் பம்பும் குழாயும் வைத்து மரங்களைச் சுற்றி மண்ணை நனைத்தார்கள். விமானங்கள் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டின. சில மரங்கள் கருகினாலும் தோப்பு தப்பியது. செய்தி வெளியே வந்தது 2020 ஜனவரியில்தான். அந்த வாரத்தில் மரபுத்தொகுதி ஆய்வால் ஒரு பயனும் இல்லை. பயன்பட்டது தண்ணீர்க் குழாய். மரபியலாளர்கள் எழுதும் விண்ணப்பங்களில் இந்தப் பகுதி அவ்வளவாக இடம்பெறுவதில்லை என்பதற்காகவாவது இதைச் சொல்லி வைக்கலாம்.

எழுத்துகள் பயன்படுவது அதற்குப் பிறகு, நாற்றங்காலில். கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே மரத்தைக் குச்சி வெட்டிப் பெருக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுத்தோட்டத்தில் வளர்க்க ஆசைப்படுகிறவர் கையில் சட்டபூர்வமாக ஒரு கன்று இருந்தால், பள்ளத்தாக்குக்குள் திருட்டுத்தனமாக இறங்குவோர் குறைவார்கள் என்பது கணக்கு. 2005இல் சிட்னியில் சோதபீஸ் நிறுவனம் முதல் கன்றுகளை ஏலம் விட்டது. அடுத்த ஆண்டு பொதுமக்களுக்கும் விற்பனை. இன்று பல நாடுகளில் தோட்டங்களிலும் தொட்டிகளிலும் வொல்லமை பைன் நிற்கிறது. ஆனால் அவை சில தாய்மரங்களின் குச்சிகளே. எண்ணிக்கையைப் பார்த்தால் மரம் தப்பிவிட்டதுபோலத் தோன்றும். வேறுபாட்டைப் பார்த்தால், காட்டில் உள்ள சொற்பத்திலும் ஒரு பகுதிதான் வெளியே வந்திருக்கிறது. எல்லா மரமும் ஒன்றே என்று நம்பியவரை இது யாரையும் உறுத்தவில்லை.

இப்போது உறுத்துகிறது. சிட்னி தாவரவியல் பூங்காக்கள், காட்டிலுள்ள வெவ்வேறு மரங்களின் வழித்தோன்றல்களை மரபுத் தகவலின்படி பிரித்து வளர்த்து, 2023 முதல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பல தாவரவியல் பூங்காக்களுக்குப் பங்கிட்டு அனுப்பின. இங்கிலாந்தின் பெட்ஜ்பரி ஊசியிலை மரத்தோப்பு அவற்றில் ஒன்று. பல பூங்காக்களில் சிதறிக் கிடந்தாலும் சேர்ந்து ஒரே சேகரிப்பு என்று கணக்கு வைக்கப்படுகிறது. எந்தக் கன்று எந்தத் தாய்மரம் என்ற ஏடு ஒன்று உண்டு. ஒரு பூங்காவில் நோயோ தீயோ வந்தாலும் அந்த வகை மற்றொரு பூங்காவில் மிஞ்சும். பனிக்காலத்தில் இந்த மரம் தன் நுனி மொட்டுகளை வெள்ளைப் பிசினால் மூடிக்கொள்ளும்; ஐரோப்பாவின் வெவ்வேறு குளிர்களில் எந்த வகை எப்படித் தாங்குகிறது என்பதும் கூடவே தெரியவரும்.

காட்டுக்குள்ளும் புதிய இடங்களில் நடுகிறார்கள். இயற்கையாக முளைத்த நாற்றுகள் பள்ளத்தாக்கின் இருட்டில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் உயர்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்க நேரம் இல்லை. ஆகவே ஈரமும் குளிர்ச்சியும் உள்ள, தீ எளிதில் எட்டாத வேறு ரகசியப் பிளவுகளைத் தேடி, பூங்காவில் வளர்ந்த கன்றுகளைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கே எந்தத் தாய்மரத்தின் பிள்ளைக்கு அருகில் எந்தத் தாய்மரத்தின் பிள்ளையை நடுவது என்பது இன்று ஒரு கேள்வி. வொல்லமை பைனில் ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் வரும். மகரந்தம் காற்றில் போகும். பழைய தோப்புகளில் தமக்குள்ளேயே கலந்து கலந்து ஒன்றாகிப்போன வழிகளை, தொலைவிலிருந்த இரு தோப்புகளின் சிறு வேறுபாடுகள் சந்திக்கும்படி அடுத்தடுத்து வைக்கலாம். அவை கூம்பு விட்டு, விதை விழுந்து, முளைத்த நாற்றின் இலையைப் பறித்து மூலப்பிரதியோடு ஒப்பிடும்போது, தாய்வழி எழுத்தும் தந்தைவழி எழுத்தும் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணலாம். அந்த நாற்றுகளில் சிலவற்றைத் தனிக் கண்ணாடிக்கூடத்தில் வைத்து, பைட்டோஃப்தோரா கலந்த மண்ணில் நட்டு, எது முதலில் வாடுகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்றும் பார்க்கலாம். தாக்குப்பிடித்ததில் அந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்களின் பிடி தளர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க இப்போது 1,200 கோடி எழுத்துகள் கொண்ட பிரதி ஒன்று கையில் இருக்கிறது.